இடது கார்னர்

ஆகஸ்ட் 19

இன்று காலை பயிற்சிக்கு ஒரு மரப்பெட்டி வந்தது. இரண்டு பேர் தூக்க முடியாமல் தூக்கி வந்து மைதான ஓரத்தில் வைத்தார்கள். உள்ளே பன்னிரண்டு இரும்புக் குண்டுகள், ஒவ்வொன்றின் தலையிலும் வளைந்த கைப்பிடி. கெட்டில்பெல் என்று பெயராம். என்கூட ஆடும் மோகனப்பிரியா குனிந்து பார்த்துவிட்டு, "பூட்டு மாதிரியே இருக்குதுங்க்கா. சாவிதான் காணோம்" என்றாள். அதிலிருந்து எல்லோருக்கும் அது பூட்டு.

கொண்டுவந்தவள் ஷைனி. மில் நிர்வாகம் எங்கள் மகளிர் கபடி அணிக்கு உடற்பயிற்சி சொல்லித்தரப் புதிதாக வைத்திருக்கும் பெண். மார்த்தாண்டத்துக்காரி, இருபத்தேழு வயது. எங்கள் கோச் சென்னியப்பன் சார் பெட்டியை ஒருமுறை சுற்றி வந்தார்.

"இது எதுக்கும்மா? கபடிக்குக் கபடிதான் பயிற்சி. நீச்சல் பழக எவனாவது சைக்கிள் ஓட்டுவானா?"

"பிடிக்கிறத நீங்க சொல்லிக் குடுங்க சார். பிடிச்சு நிக்கிறதுக்கு இடுப்புல பலம் வேணும்லா? அத நான் பாக்கேன்."

"இருபத்திரண்டு வருசமா புள்ளைகள இந்தக் களத்துல நிக்க வச்சிருக்கறேன். எந்த இரும்பும் வேண்டியிருக்கல."

அவள் எல்லோருக்கும் ஆளுக்கொரு நோட்டுப் புத்தகம் கொடுத்தாள். தினமும் எப்படித் தூங்கினோம், எங்கே வலிக்கிறது என்று எழுத வேண்டுமாம். யாரும் படிக்க மாட்டார்கள், உங்களுக்காகத்தான் என்றாள். வலி எவ்வளவு என்று பத்துக்கு ஒரு எண் மட்டும் சுவரில் தொங்கும் அட்டையில் எழுதிவிட வேண்டும்.

அட்டையில் 2 எழுதினேன். எனக்கு முப்பத்திநாலு வயது, பதிமூன்று வருடமாக இந்த அணியில் ஆடுகிறேன். இரண்டுகூட இல்லாவிட்டால்தான் ஆச்சரியம்.

ஆகஸ்ட் 22

பூட்டு ஆட்டும் முதல் பாடம். எல்லோரும் கைப்பிடியைப் பிடித்து உட்கார்ந்து எழுந்தோம். ஷைனி தடுத்தாள்.

"எக்கா, இது குத்தவச்சு எந்திரிக்கிறதில்ல. முட்டி கொஞ்சந்தான் மடங்கணும். இடுப்பு பின்னால போகணும். ரெண்டு கையிலயும் சாமான் இருக்கு, பின்னாடி கதவு தொறந்து கெடக்கு. என்ன செய்வீங்க?"

"புட்டத்தால சாத்துவேன்" என்றாள் மோகனா. எல்லோரும் சிரித்தார்கள்.

"அதேதான்! சாத்துங்க. சாத்தின வேகத்துல நிமிர்ந்து நில்லுங்க. கை வெறும் கயிறு. கயிறு எதையாவது தூக்குமா? இடுப்பு வெட்டினா பூட்டு தானா நெஞ்சு வரைக்கும் பறந்து வரும். அத நீங்க தூக்கக்கூடாது. அது வரணும்."

மோகனாவுக்கு மூன்றாவது தடவையே வந்துவிட்டது. கால்களுக்கிடையில் போன குண்டு, அவள் நிமிர்ந்ததும் எடையே இல்லாததுபோல எழுந்து நின்றது. எனக்கு வரவில்லை. தோளால் தூக்கினேன். எட்டாவது தடவையில் நடுமுதுகுக்குக் கீழே சுருக்கென்றது. புதுப் பழக்கம், அப்படித்தான் இருக்கும்.

2.

ஆகஸ்ட் 27

மழை. மில் கொட்டகையில் பயிற்சி. துணி துவைக்கவில்லை.

ஆகஸ்ட் 30

நான் நின்றுகொண்டே சாப்பிடுவதை வீட்டுக்காரர் கவனித்துவிட்டார். "ஏம்புள்ள, உக்காந்து சாப்புடக் கூடாதா?" என்றார். நின்றால் இட்லி சீக்கிரம் இறங்குகிறது என்றேன். சிரித்துக்கொண்டு டெம்போவை எடுத்துக்கொண்டு போனார்.

செப்டம்பர் 3

பக்கத்துக் கல்லூரி அணியுடன் பயிற்சி ஆட்டம். ஐந்து பேரைப் பிடித்தேன். நான் நிற்பது இடது ஓரம், அதாவது இடது கார்னர். பாடி வருகிறவள் கோட்டைத் தொட்டுத் திரும்பும்போது அவள் கணுக்காலைப் பாய்ந்து பிடிப்பது என் வேலை. எனக்கு வலப்பக்கத்தில் மோகனா நிற்பாள். நான் பிடித்ததும் அவள் வந்து இடுப்பை அணைத்து முடிப்பாள். நான்கு வருடமாக ஜோடி.

ஆட்டம் முடிந்ததும் சார் ஷைனியிடம் போய், "பாத்தியாம்மா? இதுக்கு எந்தப் பூட்டு வேணும்?" என்றார். அவள் உண்மையாகவே கைதட்டினாள். பிறகு என்னிடம் வந்து, "எக்கா, பாயும்போது எப்பவும் வலது கால்லதான் உந்துவீங்களா?" என்றாள்.

"பழக்கம்" என்றேன்.

"இடது ஓரத்துல நிக்கிறவங்க வெளிக்கால்ல உந்தினாத்தான் தூரம் வரும்னு நெனச்சேன். எனக்குக் கபடி தெரியாதுக்கா, சும்மா கேட்டேன்."

அவளுக்குக் கபடி தெரியாதுதான்.

செப்டம்பர் 6

மில் தண்ணீர்த் தொட்டிப் படிக்கட்டில் எல்லோரையும் பத்து முறை ஏறி இறங்கச் சொன்னாள் ஷைனி. சார் குறுக்கே வந்து என்னைக் காட்டினார். "கோகிலாவுக்கு வேண்டாம். கேப்டன் எங்கூட ஒக்காந்து எதிரணி வீடியோ பாக்கோணும்." நல்லதாகப் போயிற்று. கோவையில் நடக்கும் போட்டிக்கு இன்னும் ஆறு வாரம்தான். ஆட்டத்தைப் பற்றி யோசிக்கவும் ஆள் வேண்டுமே.

வீடியோ எதுவும் பார்க்கவில்லை. இருவரும் டீ குடித்தோம்.

செப்டம்பர் 11

பெருந்துறை பேருந்து நிலையத்தில் நடந்துகொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு பூக்காரம்மா கூப்பிட்டார். "சாமி, செருப்ப வுட்டுப்போட்டு எங்க போற?" திரும்பிப் பார்த்தால் பத்தடி தள்ளி என் இடது கால் செருப்பு கிடந்தது. வார் தளர்ந்துவிட்டது போல. புதிது வாங்க வேண்டும்.

அட்டையில் 2.

செப்டம்பர் 12

தூக்கம் சரியில்லை.

செப்டம்பர் 17

இன்று ஷைனி ஒவ்வொருவராகப் பக்கத்திலிருந்து வீடியோ எடுத்தாள். மோகனாவுக்கு இப்போது பதினாறு கிலோ பூட்டு. எனக்கு எட்டுதான். எல்லோரும் போன பிறகு என்னை நிறுத்திக்கொண்டாள்.

"எக்கா, உங்க ஆட்டத்துல எனக்கு ஒண்ணுமே தெரியல. அவ்வளவு அழகா மறைக்கிறீங்க. ஆனா பூட்டு ஆட்டுறப்ப மறைக்க வழியில்ல. இடது காலு தரையப் பிடிக்க மாட்டேங்குது. ஒடம்பு மொத்தமா வலப்பக்கம் சாயுது, அதனாலதான் முதுகால தூக்குறீங்க. ஒருக்க டாக்டரப் பாத்துருவோமா?"

"போட்டி முடியட்டும்."

"அதுக்குள்ள கூடிட்டா?"

"எனக்கு இந்த இரும்பு வர்ல, அவ்வளவுதான். பதிமூணு வருசம் ஆடினவளுக்கு ஆடத் தெரியாதுன்னு சொல்றயா?"

"ஆடத் தெரியும்க்கா. அதுதான் பயமா இருக்குன்னு சொல்லுதேன்."

வீடியோவைக் காட்ட வந்தாள். நான் பார்க்கவில்லை. ஒரு வாரம் பார்க்கிறேன், அப்புறம் மேலே சொல்ல வேண்டிவரும் என்றாள். மேலே சொன்னால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியாது. அணியில் இருக்கும்வரை எனக்கு ஸ்டோரில் அரை நாள் மேசை வேலை. அணியிலிருந்து விழுந்தவர்கள் ஸ்பின்னிங் பிரிவுக்குப் போய் எட்டு மணி நேரம் நிற்க வேண்டும். போன வருடம் விலகியவளைக் கேண்டீனில் பார்த்தேன். முடியெல்லாம் பஞ்சு.

செப்டம்பர் 18

சாரிடம் சொன்னேன். காலைப் பற்றிச் சொல்லவில்லை. பூட்டு ஆட்டுவதால் பெண்களுக்கெல்லாம் முதுகு பிடித்துக்கொள்கிறது, போட்டி நெருங்குகிறது, இது வேண்டாமே என்றேன். யாருக்கும் முதுகு பிடிக்கவில்லை. எனக்கும் லேசாகத்தான்.

சார் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி, நான் பாத்துக்கறேன் அம்மிணி" என்றார்.

செப்டம்பர் 20

கொட்டகையில் பெரிய சண்டை. சார் எல்லோர் முன்னாலும் கத்தினார். மரம் ஏறுகிறவன் மரம் ஏறித்தான் பழகுகிறான், பொதுவாக உடம்பைத் தேற்றி என்ன ஆகப்போகிறது, போட்டியில் பூட்டா பாடிவரப் போகிறது என்றார். ஷைனி முதலில் நிதானமாகத்தான் பேசினாள்.

"ஒரே அசைவ ஆயிரம் தடவ செஞ்சா அந்த அசைவு நல்லா வரும் சார், சரிதான். ஆனா அதுல இருக்கிற கோணலும் ஆயிரம் தடவ சேந்து வளரும். வேற ஒண்ணச் செய்யச் சொல்லிப் பாத்தாத்தான் கோணல் வெளிய தெரியும்."

"என்ற புள்ளைககிட்டக் கோணல் கண்டுபுடிக்கத்தான் வந்தியா?"

அவள் கண் என் பக்கம் வந்தது. நான் ஷூ கட்டிக்கொண்டிருந்தேன். மரப்பெட்டி ஸ்டோருக்குப் போய்விட்டது. பதிவேட்டில் நானே வரவு வைத்தேன்.

மோகனா மட்டும், "போட்டி வரைக்கும்தானுங்க்கா நிறுத்தறாங்க? அப்பறம் குடுத்துருவாங்கல்ல?" என்று இரண்டு முறை கேட்டாள். தெரியவில்லை என்றேன்.

செப்டம்பர் 24

ஷைனி சொன்ன ஒரு வாரம் முடிந்தது. அவள் மேலே சொல்லவில்லை. என்னிடமும் பேசவில்லை. இப்போது அட்டை காலியாகத் தொங்குகிறது. யாரும் எழுதுவதில்லை.

செப்டம்பர் 27

மோகனாவுக்குக் கழுத்தடிக் காறை எலும்பு முறிந்துவிட்டது.

பயிற்சி ஆட்டத்தின் இரண்டாம் பாதி. பாடி வந்தவள் என் பக்கம் திரும்பினாள், நான் பாய்ந்தேன், ஆடுகள விரிப்பில் வியர்வை ஈரம், வழுக்கிவிட்டது. நான் குறுக்கே விழுந்தேன். மோகனா என் மேல் தடுக்கித் தோள் தரையில் படும்படி விழுந்தாள். பாடி வந்தவள் அவள் மேல் விழுந்தாள். காய்ந்த குச்சியை ஒடித்ததுபோல ஒரு சத்தம். மோகனா அழவில்லை. "என்னமோ ஆயிருச்சுங்க்கா" என்று மட்டும் சொன்னாள்.

மில் ஜீப்பில் ஷைனி கூடப் போனாள். சார் ஆட்களை வைத்து விரிப்பைத் துடைக்கச் சொன்னார். விபத்துப் பதிவில் "ஈரத்தில் வழுக்கியதால்" என்று எழுதியிருந்தது. கேப்டன் கையெழுத்து போட வேண்டும். போட்டேன்.

செப்டம்பர் 28

ஈரம்தான்.

செப்டம்பர் 29

வீட்டில் யாரும் இல்லை. சமையலறையில் எண்ணெய்ப் பாத்திரத்தை எடுக்கக் குதிகாலைத் தூக்கி எக்கிப் பார்த்தேன். வலது கால் எக்கியது. இடது எழவேயில்லை. சும்மா பார்த்தேன்.

அக்டோபர் 1

ஷைனியிடம் போய், "அந்த வீடியோவக் காட்டு" என்றேன். ஏன், எதற்கு என்று அவள் கேட்கவில்லை. ஸ்டோர் வாசலில் நின்றபடி போனைக் கொடுத்தாள்.

அரை நிமிடம்தான் ஓடுகிறது. ஒரு பெண் பூட்டை ஆட்டுகிறாள். அவளுடைய வலது பாதம் தரையைக் கவ்விக்கொண்டிருக்கிறது. இடது பாதம் யாரோ கழற்றி வைத்ததுபோல இருக்கிறது. ஒவ்வொரு ஆட்டுக்கும் இடுப்பு ஒரு பக்கமாகத் திருகுகிறது. வாயை இறுக்கிக்கொண்டு, கழுத்து நரம்பு தெரிய, வெறும் எட்டுக் கிலோவை எண்பது கிலோபோல முதுகால் இழுக்கிறாள். எங்கள் அணிக்கு அப்படி ஒருத்தி வந்திருந்தால் நானே அவளைத் திருப்பி அனுப்பியிருப்பேன்.

"குதிகால்ல நடங்கக்கா" என்றாள் ஷைனி. நடந்தேன். இடது பாதத்தின் முன்பகுதி தூக்கவில்லை. தரையைத் தட்டித் தட்டி வந்தது.

"எப்பத்துலருந்து?"

"தை மாசம்."

எண்ணிப் பார்த்தாள் போலிருக்கிறது. திட்டுவாள் என்று நினைத்தேன். "தெரிஞ்சும் நான் ஒரு வாரம்னு சொல்லிட்டு வாயமூடி இருந்துட்டேன்க்கா. இந்தச் சண்டையே வேண்டாம், மூட்டையக் கட்டிட்டு ஊருக்குப் போயிரலாம்னு இருந்துச்சு" என்றாள். அவள் கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. இந்த ஆறு வாரத்தில் அவளும் தேய்ந்துவிட்டாள்.

வழுக்கவில்லை. இடது காலில் உந்த வேண்டியிருந்தது, உந்தினேன், கால் இல்லை. அதுதான் நடந்தது. விரிப்பு காய்ந்திருந்தது.

அக்டோபர் 3

சாரிடம் சொல்லக் காலையிலேயே போனேன். மைதானத்தில் தனியாகக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். சொல்லி முடித்தேன். அவர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே, "தெரியும் அம்மிணி" என்றார்.

"எப்பத்துலருந்துங்க சார்?"

"தைப்பூசப் போட்டி முடிஞ்சு பஸ்ஸுல ஏறினியே, கையால காலத் தூக்கி வச்சு. அப்பவே."

களத்தின் ஓரத்தில் உட்கார்ந்தேன். படிக்கட்டுக்கு என்னை விடாதது, இடது கால் பாய்ச்சல் பழகுவதை அட்டவணையிலிருந்து எடுத்தது, ஓட்டத்தில் என்னை நேரம் பார்க்க வைத்தது எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

"அந்தப் பொண்ணு பெட்டியத் தொறந்த அன்னைக்கே நெனச்சேன், இதுல நீ மாட்டிக்குவேன்னு. கபடிக்குக் கபடிதான்னு நான் கத்தினதுல பாதி நெசம். இன்னமும் நெசம்னுதான் சொல்லுவேன். மீதிப் பாதி உனக்காக."

கயிற்றைக் கீழே வைத்துவிட்டு, "உனக்காகன்னு சொல்லிக்கிட்டேன். அடுத்த பங்குனியில நான் ரிட்டயர். ஒரு கோப்பையோட போலாம்னு ஆச. உன்ன மாதிரி எடது கார்னர் எனக்கு இனி எங்க கிடைக்கும்?" என்றார்.

அவர்மேல் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நானும் அவரும் எட்டு மாதமாக ஒரே பொய்யை ஆளுக்கொரு முனையில் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறோம். கை மட்டும் வலித்திருக்கிறது.

விபத்துப் பதிவைத் திருத்திக் கையெழுத்து போட்டேன். கீழே அவரும் போட்டார்.

அக்டோபர் 5

ஈரோட்டில் ஸ்கேன். ஷைனி கூட வந்தாள். இடுப்புப் பக்கம் முதுகெலும்புத் தட்டு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது. ஆட்டம் இனி கிடையாது. ஆறு வாரம் பார்த்துவிட்டு அறுவை பற்றிச் சொல்வார்களாம். டாக்டர் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இத வச்சிக்கிட்டு எப்படிம்மா ஆடுனீங்க?" என்றார். ஷைனி, "ரொம்ப நல்லா ஆடினாங்க சார்" என்றாள்.

வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அந்த இட்லியும் பொய்யா?" என்று கேட்டார். பிறகு மெத்தைக்குக் கீழே பலகை போட்டுக் கொடுத்தார்.

அக்டோபர் 7

மோகனாவைப் பார்க்கப் போக வேண்டும். மழை.

அக்டோபர் 10

போகவில்லை. ஸ்டோரில் இருப்புக் கணக்கு.

அக்டோபர் 14

சென்னிமலை பஸ் கண்ணெதிரே நின்றது. ஏறவில்லை. கூட்டம்.

அக்டோபர் 19

போட்டி. கோவை. காலிறுதியில் மூன்று புள்ளியில் தோற்றோம். நான் வெளியே நாற்காலியில் இருந்தேன். என் இடத்தில் நின்ற பெண் நான்கு முறை பாய்ந்து ஒன்றைப் பிடித்தாள். பிடித்த அந்த ஒன்றில் இடது காலில்தான் உந்தினாள். எவ்வளவு தூரம் போனாள்! பார்த்துக்கொண்டிருந்த எனக்கே தொடை இழுத்தது.

திரும்பும்போது பஸ்ஸில் சார் ஷைனிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ விசாரித்துக்கொண்டே வந்தார். எவ்வளவு எடையில் ஆரம்பிக்க வேண்டும், வாரம் எத்தனை நாள் என்றெல்லாம் காதில் விழுந்தது. "ஆனா போட்டிக்கு ரெண்டு வாரம் முன்ன கபடி மட்டுந்தான். அதுல நான் விடமாட்டேன்" என்றார். "அது சரிதான் சார்" என்றாள் அவள். இருவருக்கும் சண்டை போடத் தெம்பில்லை.

அக்டோபர் 23

உத்தரவு வந்துவிட்டது. அணியிலிருந்து விடுவிப்பு. எட்டு மணி நேரம் நிற்க முடியாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததால் ஸ்பின்னிங் இல்லை, நூல் எண்ணும் பிரிவு. ஸ்டூல் உண்டு.

அக்டோபர் 27

இன்று போனேன்.

சென்னிமலையில் சந்துக்குள் ஓட்டு வீடு. அவள் அம்மா தறி வேலைக்குப் போயிருந்தார். மோகனா கையைக் கழுத்தில் தொங்கும் துணியில் கட்டிக்கொண்டு கதவைத் திறந்தாள். மெலிந்திருந்தாள். "ஒரு மாசமாச்சுங்க்கா உங்களுக்கு வழி தெரிய" என்றாள்.

உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்து வந்திருந்தேன். வாசலில் நின்றே சொன்னேன். விரிப்பு ஈரமில்லை, என் கால்தான், ஜனவரியிலிருந்தே இப்படி, தெரிந்தேதான் ஆடினேன் என்று.

"தெரியுங்க்கா."

"ஷைனி சொன்னாளா?"

"நாலு வருசமா பக்கத்துல நிக்கறனுங்க. உங்க காலு நிக்காதுன்னு தெரிஞ்சுதான் ரெண்டடி உங்க பக்கம் தள்ளி நிப்பேன். நீங்க வுட்டா நான் புடிச்சுக்கலாம்னு. அன்னைக்கும் அப்படித்தான் நின்னேன். என்ற எடத்துல நின்னிருந்தா உங்க மேல தடுக்கி விழுந்திருக்க மாட்டேன்."

நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தேன்.

"கோவமில்லையான்னு கேக்காதீங்க. இருக்குதுங்க. எலும்புக்கு இல்ல. எலும்பு கூடிரும்." அவள் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். "பூட்ட நிறுத்த வச்சது நீங்கதான? தானா யோசிக்கற ஆளில்லீங்க சாரு. அக்கா, அது எனக்கு வந்துச்சுங்க. ஆடறதுல, புடிக்கறதுல எல்லாத்துலயும் நான் உங்களுக்குப் பின்னாடிதான். மொதோ தடவையா ஒன்னு எனக்கு உங்களவுட நல்லா வந்துச்சு. அத எடுத்து ஸ்டோர்ல வச்சுப் பூட்டிட்டீங்க."

மன்னிப்பு என்ற சொல் நாக்கு வரை வந்தது. அவள் கேட்காத நேரத்தில் அதைச் சொன்னால் எனக்குத்தான் லேசாகும் என்று தோன்றியது. "ஆமா" என்றேன். "நாந்தான் நிறுத்தினேன். உனக்கு நல்லா வந்துச்சுன்னு எனக்குத் தெரியும்."

பக்கத்து வீட்டில் தறி அடித்துக்கொண்டிருந்தது. அவள் உள்ளே போய் ஒரு சீப்பும் ரிப்பனும் எடுத்து வந்தாள்.

"ஒத்தக் கையில சடை பின்ன முடியறதில்லீங்க்கா. அம்மா காத்தால ஆறு மணிக்கே போயிருது. அஞ்சு நாளா இப்படியே கெடக்குது. பின்னி வுடறீங்களா?"

அவள் தரையில் உட்கார்ந்தாள், நான் பின்னால் நாற்காலியில். முடி முழுக்கச் சிக்கு. எண்ணெய் தொட்டு அடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தேன். அவள் தோளில் கை படாமல் பார்த்துக்கொண்டேன். பாதிச் சடை வந்திருக்கும்போது இடுப்பிலிருந்து இறங்கி முழங்கால், பாதம் என்று எல்லாம் மரத்துப்போயிற்று. எப்போதும்போலப் பல்லைக் கடித்துக்கொண்டு முடித்துவிடலாம் என்றுதான் இரண்டு பின்னல் போட்டேன்.

"மோகனா, கொஞ்சம் இரு. எனக்குக் கால் மரத்துப்போச்சு. எந்திரிக்கோணும்."

அவள் திரும்பாமலேயே நல்ல கையை மேலே நீட்டினாள், பிடித்துக்கொண்டு எழுவதற்கு.

"மெதுவா பண்ணுங்க்கா. ரெண்டு பேரும் இப்ப எங்க போகப் போறோம்?"

மீதிச் சடையை நின்றுகொண்டு பின்னினேன்.